ப்ளம்ஸ் ஒயின் மேல் ஒரு புகார் மனு

“அநியாயம்மா இது. பச்சை அநியாயம்,” என்றார் ஜெபநேசன்.

ஜெசிந்தா வாசல் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கண்ணாடி ஜாடியைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“ஆறுதல் பரிசு! எனக்கு! ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கையில குடுத்து அனுப்பியிருக்கானுங்க.”

“நல்ல வாளியா சார்?”

“சிரிக்காதீங்கம்மா.”

“சிரிக்கல. ஜாடி ஊற வைக்க எனக்கும் ஒண்ணு வேணும். அதான் கேட்டேன்.”

ஜெபநேசன் சட்டைப் பையிலிருந்து ஒரு மனுவை உருவினார். இரண்டு பக்கம். பக்கத்தின் இரண்டு புறமும் எழுத்து.

“கையெழுத்துப் போடுங்க.”

ஊர்ப் பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். மலை ஊர். கொல்லையில் ப்ளம்ஸ் மரம் இல்லாத வீடு அங்கே குறைவு. ஜூனில் பழம் கொட்டும். தின்றது போக, ஜாம் காய்ச்சியது போக, மிச்சத்தைப் பிசைந்து சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு ஜாடியில் மூடி வைப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒயின் ஆகிவிடும். பழம் வளர்ப்போர் சங்கம் வருஷா வருஷம் டிசம்பர் முதல் சனிக்கிழமை வீட்டு ஒயின் போட்டி வைக்கும்.

ஜெபநேசன் முப்பத்தொரு வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் டீ ருசி பார்ப்பவராக இருந்தவர். ஒரு வாய் உறிஞ்சுவார். நாக்கில் உருட்டுவார். துப்புவார். “மழையில பறிச்ச இலை, வாட்டினது பத்தல” என்பார். அதன்மேல் யாரும் எதிர்வார்த்தை பேசியதில்லை.

ஓய்வு பெற்றதும் அந்த நாக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒயின் செய்யலாம் என்று தோன்றியது. ஊரில் நல்ல ஒயின் யார் வீட்டில் என்று விசாரித்தார். எல்லாரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். தபால் நிலையக் கவுண்டரில் உட்காரும் ஜெசிந்தா. வயது நாற்பத்தொன்று. அவரைவிட இருபத்தொரு வயது இளையவர். போட்டிக்கு ஒரு நாளும் பாட்டில் அனுப்பாதவர்.

அவரிடம் போய்ப் பாடம் கேட்பது ஜெபநேசனுக்கு லேசாக இல்லை. போனார். இரண்டு வருஷம் கேட்டார். கேள்விகளே இரண்டு நோட்டு நிறைந்தன. பதில்கள் கால் நோட்டுக்கு மேல் வரவில்லை.

இந்த வருஷம் முதல் பரிசு தனக்கு என்று அவர் உறுதியாக நம்பியிருந்தார். முப்பது கிலோ பழம், ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தது. காலையும் மாலையும் தெர்மாமீட்டர். துவர்ப்பு சேர்க்க, தன் கையால் கலந்த தேயிலை டிகாஷன். ஒயின் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது.

பரிசு மகிமைராஜுக்குப் போயிற்று.

மகிமைராஜ் ஹார்டுவேர் கடைக்காரர். சிமென்ட், பெயின்ட், பிளாஸ்டிக் குழாய். அவர் ஒரு பழத்தைப் பிசைந்து பார்த்தவர்கள் ஊரில் யாரும் இல்லை.

ஜெபநேசன் மேடைக்கே போனார். பரிசு பெற்ற பாட்டிலிலிருந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். உருட்டினார். அறுபது பேர் பார்க்க, பக்கத்திலிருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் துப்பினார்.

“ஒயினா இது? பாத்திரம் கழுவின தண்ணி!”

அவருடைய மனைவி செல்லக்கனி கூடவே நின்றிருந்தாள். சட்டென்று திரும்பி, அவருக்கு முன்னால் விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்துவிட்டாள். தனக்காகக் கோபப்படுகிறாள் என்று ஜெபநேசன் எடுத்துக்கொண்டார். அது அவருக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

இதெல்லாம் நேற்று.

இன்று ஜெசிந்தா ஈரக் கையை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டார். ஜெபநேசன் மனுவை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். ஜெசிந்தா கடைசிவரை படித்தார்.

“இதுல ஒயின் எங்க சார்?”

“என்னது?”

“நடுவர் மூணு பேர் இருக்காங்க. அவங்க மாமன் மச்சான் இருக்காங்க. மகிமைராஜ் அண்ணனோட கடை இருக்கு, அவரோட தராசு இருக்கு. ஒயினைக் காணோமே.”

“அது ஒயினே இல்லைங்கறேன்!”

“அப்போ அதை எழுதுங்க.”

ஜெசிந்தா உள்ளே போனார். ஒரு பாட்டிலும் கிளாஸும் வெள்ளைத் தாளும் கொண்டுவந்து படியில் வைத்தார். பாட்டிலில் கருஞ்சிவப்பாக, கலங்கலாக, முக்கால்வாசி.

“அதே ஒயின்தான். எனக்கும் ஒரு பாட்டில் வந்துச்சு. குடிங்க. குறையை எழுதுங்க. சும்மா திட்டறது வேணாம். ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு எழுதுங்க.”

யார் கொடுத்தார்கள் என்று ஜெபநேசன் கேட்கவில்லை. அதற்கெல்லாம் அவருக்கு அப்போது பொறுமை இல்லை.

படியில் உட்கார்ந்தார். உறிஞ்சினார். துப்பினார். எழுதினார். மறுபடி உறிஞ்சினார். மூன்று வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்த நாக்கு அது. இப்போது தீட்டிய கத்தி மாதிரி ஓடிற்று. ஒவ்வொரு குறையாகப் பிடித்து இழுத்து வெளியே போட்டது. ஏழு குறைகள். ஏழாவதை எழுதி அடிக்கோடு போட்டபோது மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

ஜெசிந்தா வாங்கிப் படித்தார். ஏழையும் படித்தார்.

“இதைச் சபையில வாசிப்பாங்களா?”

“அடுத்த ஞாயித்துக்கிழமை பொதுக்கூட்டம். செயலாளர் சத்தமா வாசிச்சாகணும். விதி.”

“சரி. ஒரு நகல் எடுத்து, இதைச் செஞ்சவங்க கையில குடுத்துடுங்க. முதுகுக்குப் பின்னால பேசினதா இருக்கக் கூடாது.”

“குடுக்கறேன். கடைக்கே போய் மூஞ்சிக்கு நேரே குடுக்கறேன். நீங்க கையெழுத்து?”

“நான் போட்டியில இல்லையே சார்.”

குழாயைத் திறந்துவிட்டு ஜாடியைக் கழுவ உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஜெபநேசன் முதலில் சங்கத்துக்குப் போனார். செயலாளர் போஜன் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு குறைகளும் எழுதிய மனுவை வாங்கினார். ஸ்டாம்ப் குத்தினார். எண் போட்டார். பேரேட்டில் ஏற்றினார். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை.

அங்கிருந்து நேரே ஹார்டுவேர் கடை.

மகிமைராஜ் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். கடையில் இரண்டு பேர் நின்றார்கள்.

“இந்தாங்க. உங்க ஒயின் லட்சணம். படிச்சுப் பாருங்க.”

மகிமைராஜ் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். உதடு அசைய அசையப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“இது எனக்கு இல்லையே சார்.”

“என்ன உளர்றீங்க? பரிசு உங்க பேர்ல.”

“பேர் என்னுது. ஒயின் நான் செய்யல.”

“கடையில வாங்கினது! ஒத்துக்கிட்டீங்க! கேட்டுக்கோங்கப்பா, நீங்க ரெண்டு பேரும் சாட்சி!”

ஆணி வாங்க வந்தவர்கள் திரும்பினார்கள். மகிமைராஜ் பதறிப் போய் ஜெபநேசனின் கையைப் பிடித்து, பெயின்ட் டின்கள் அடுக்கியிருந்த பின்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“சத்தம் போடாதீங்க சார். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க.”

“யாரு?”

மகிமைராஜ் கடை வாசலை எட்டிப் பார்த்தார்.

“திருட்டுப் பட்டம் கட்டிடுவேன் மகிமைராஜ். ஊர் பூரா சொல்லுவேன்.”

“முதல் பரிசு சுவர்க் கடிகாரம் குடுத்தாங்களே சார், அது என் கடையில இருக்கா? என் வீட்டுல இருக்கா? வந்து பாருங்க. இல்லை. உங்க வீட்டு அரிசி டிரம்முல இருக்கு.”

ஜெபநேசனுக்கு முதலில் புரியவே இல்லை.

“செல்லக்கனி அக்கா செஞ்ச ஒயின் சார் அது. ஒரு வீட்டுக்கு ஒரு பாட்டில்தான்னு சங்கத்து விதி. உங்க வீட்டுக்கு உங்க பாட்டில் இருக்கே. அதனால என் பேர்ல வைக்கச் சொன்னாங்க. பரிசு வரும்னு எங்க யாருக்குமே தெரியாது. சும்மா நடுவர் என்ன சொல்றாங்கன்னு பார்க்கணும்னாங்க. அவ்வளவுதான்.”

பெயின்ட் டின்களுக்கு நடுவே டர்பன்டைன் வாடை மூக்கைத் துளைத்தது.

மகிமைராஜ் காகிதத்தை மெதுவாக நீட்டினார்.

“நீங்களே கொண்டுபோய் அக்கா கையில குடுத்துடுங்க சார். எனக்குத் தைரியம் இல்லை.”

ஜெபநேசன் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் சமையலறைக்குள் போனார். அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து முழங்கைவரை கையை விட்டார். ஒரு துணி மூட்டை தட்டுப்பட்டது. வெளியே எடுத்தார். அரிசி சிதறிற்று. துணிக்குள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

செல்லக்கனி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

“எத்தனை நாளா நடக்குது இது?”

“ஜூன்லேர்ந்து.”

“பழம் ஏது?”

“உங்க பழம்தான். நீங்க பிழிஞ்சு சாறு எடுத்துட்டு, சக்கையை எருக்குழியில கொட்டச் சொன்னீங்களே. கொட்ட மனசு வரல. அரைக் குடம் தண்ணி ஊத்தி வச்சேன். நுரைச்சுச்சு.”

“சக்கையா!”

ஜெபநேசனின் குரல் உடைந்தது. மகிமைராஜிடம் தோற்றதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார்.

“முப்பது கிலோ பழத்தைப் பொறுக்கிப் பொறுக்கி நான் செஞ்ச ஒயினை, அதோட சக்கை ஜெயிச்சுதா?”

“அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? கட்டின புருஷன்கிட்ட?”

செல்லக்கனி கத்தியைக் கீழே வைத்தாள்.

“சொன்னேனே. ஆகஸ்ட்டுல ஒரு நாள் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு டம்ளர் ஊத்தி உங்க முன்னால வச்சேன். குடிச்சுப் பாருங்கன்னு சொன்னேன். நீங்க அந்தத் தெர்மாமீட்டரைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீங்க. டம்ளரைத் தூக்கினீங்க. பிரஷர் மாத்திரையை வாயில போட்டு அதைக் குடிச்சு முழுங்கினீங்க. டம்ளரைக் கீழ வச்சுட்டு, விட்ட இடத்துலேர்ந்து பேச்சைப் பிடிச்சீங்க.”

அவருக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

“சனிக்கிழமை நீங்க குடிச்சது ரெண்டாவது தடவை. அப்போ துப்பினீங்க,” என்றாள். கண் சிவந்திருந்தது. பூண்டாலா, வேறெதனாலா என்று அவரால் சொல்ல முடியவில்லை. “கையில என்ன காகிதம்?”

“ஒண்ணுமில்லை.”

“மனுவா? தெருவே பேசுது. மகிமைராஜ் பேர்ல எழுதியிருக்கீங்களாமே. ஒயினைப் பத்தி என்ன எழுதினீங்க?”

“சங்க விஷயம். விடு.”

காகிதத்தை நாலாக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் தபால் நிலையத்தில் கூட்டமாக இருந்தது. ஜெபநேசன் வரிசையில் நிற்கவில்லை. நேரே கவுண்டருக்குப் போனார்.

“உங்களுக்குத் தெரியும்!”

டப்பென்று ஒரு முத்திரை விழுந்தது. ஜெசிந்தா அடுத்த உறையை எடுத்தார்.

“வரிசையில வாங்க சார். ஆள் நிக்கிறாங்க.”

அவர் போய்க் கடைசியில் நின்றார். ஏழு பேர் முன்னால். ஏழு பேருக்கும் பொறுமையாகத் தபால் தலை கிழித்து, மணியார்டர் எழுதி, சீனியர் சிட்டிசன் கணக்குப் புத்தகத்தில் பதிந்து முடிக்கும்வரை உள்ளே கொதித்துக்கொண்டே நின்றார்.

“இப்போ சொல்லுங்க சார்.”

“என் பெண்டாட்டிக்கு எனக்குத் தெரியாம பாடம் சொல்லிக் குடுத்திருக்கீங்க.”

“பாடம் ஒண்ணும் சொல்லல. அக்கா செப்டம்பர்ல வந்தாங்க. ஒரு இருமல் மருந்து பாட்டில்ல கொஞ்சம் கொண்டுவந்து இங்க வச்சாங்க. குடிச்சுட்டுச் சொல்லுன்னாங்க. குடிச்சேன்.”

“என்ன சொன்னீங்க?”

“கலங்கலா இருக்குக்கா, புகை வாடை அடிக்குது, ரொம்ப நல்லா இருக்குன்னேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் கேட்டாங்க.”

ஜெபநேசன் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டு வருஷமா உங்க வாசல்ல வந்து நின்னேன். என் வயசைப் பார்க்கல, என் அனுபவத்தைப் பார்க்கல. நீங்க என்ன பண்ணீங்க? தெரிஞ்சுக்கிட்டே பாட்டிலை எடுத்துவந்து வச்சு, பேப்பரும் குடுத்து, என் பெண்டாட்டியை நானே ஏழு பாயின்ட் போட்டுத் திட்டி எழுத வச்சீங்க. ஒரு குரு பண்ற வேலையா இது?”

ஜெசிந்தா பசை டப்பாவின் மூடியை மூடினார். கேட்டுக்கொண்டிருந்தார்.

“போஜன்கிட்ட மனுவைத் திருப்பிக் கேட்டேன். எண் போட்டாச்சு, கூட்டத்துலதான் பேசணும்னு சொல்லிட்டான். நீங்க சொன்னா கேப்பான். உங்க பேச்சை யாரும் தட்ட மாட்டாங்க. வாங்கிக் குடுங்க.”

“அதுல பொய்யா எழுதின வரி ஒண்ணைக் காட்டுங்க சார். மத்தியானம் கவுண்டரை மூடிட்டு நானே போய் வாங்கிட்டு வர்றேன்.”

தபால் தலை ஒட்டுகிற சாய்வு மேசை காலியாக இருந்தது. ஜெபநேசன் அங்கே போய் நகலை விரித்தார். நூலில் கட்டித் தொங்கிய பேனாவை எடுத்தார். ஒன்றாவது வரியைப் படித்தார். பேனாவை வைத்தார். எடுத்தார். இரண்டாவது வரியைப் படித்தார்.

பொய் எழுத அவருடைய நாக்குக்குத் தெரியாது. முப்பத்தொரு வருஷத்தில் முதலாளி கெஞ்சியும் எழுதியதில்லை. ஒரு வரியையாவது அடித்துவிடலாம் என்று அரைமணி நேரம் மேசையில் குனிந்து நின்றார். அந்த நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

ஏழாவதை எழுதியது நாக்கு அல்ல, வெறும் ஆத்திரம்தான் என்று தோன்றியது. சந்தோஷமாகப் பேனாவை அதன்மேல் கொண்டுபோனார். அதற்குமேல் கை நகரவில்லை.

நகலை மடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பொதுக்கூட்டம். ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, ஊரே வந்திருந்தது. மனு விஷயம் பரவியிருந்ததால் நாற்காலி பற்றவில்லை. செல்லக்கனி பின்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

போஜன் மனு எண்ணைச் சொல்லி வாயெடுப்பதற்குள் ஜெபநேசன் எழுந்துவிட்டார். ஐந்து நாள் யோசித்து வைத்திருந்தார்.

“தலைவர் அவர்களே, பரிசு வாங்கின ஒயின் மகிமைராஜ் செஞ்சது இல்லை. என் மனைவி செல்லக்கனி செஞ்சது. ஒரு வீட்டுக்கு ஒரு பாட்டில்னு விதி இருக்கிறதால அவர் பேர்ல வச்சிருக்காங்க. எங்க வீட்டுக்கு அந்தப் பாட்டிலே இருக்கட்டும். என் பேர்ல வச்ச பாட்டிலை நான் எடுத்துக்கறேன். ஆறுதல் பரிசைத் திருப்பித் தர்றேன். மனுவையும் வாபஸ் வாங்கிக்கறேன். பரிசு அவங்களுக்கே சேரணும்.”

யாரோ கை தட்டினார்கள். கூடம் முழுக்கத் தட்டிற்று. மகிமைராஜ் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

“பெரிய மனசு சார் உங்களுக்கு!” என்றார் தலைவர்.

ஜெபநேசனுக்கு எட்டு நாளாக இருந்த பாரம் இறங்கிற்று. தலையைத் தாழ்த்தி, கைதட்டலை வாங்கிக்கொண்டு உட்காரப் போனார்.

“கை தட்டறதை நிறுத்துங்க.”

செல்லக்கனி எழுந்து நின்றிருந்தாள். சேலைத் தலைப்பு தோளிலிருந்து நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை.

“அந்த மனுவை வாசிங்க.”

“அதான் வாபஸ் வாங்கிட்டாரேம்மா,” என்றார் தலைவர். “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே.”

“யாருக்கு முடிஞ்சுது? என் ஒயினைப் பத்தி எழுதினது அது. ஒரு வாரமா இவர் அதைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுத் திரியறார். குளிக்கப் போனாக்கூடச் சட்டையை உள்ள எடுத்துட்டுப் போறார். மகிமைராஜ் படிச்சாச்சு. செயலாளர் படிச்சாச்சு. ஜெசிந்தா படிச்சாச்சு. செஞ்சவளுக்கு மட்டும் தெரியக் கூடாதா? ஊர் முன்னாடி துப்பினாரே, அப்போ எல்லாரும் பார்த்தீங்கல்ல? இதையும் எல்லாரும் கேளுங்க.”

தலைவர் போஜனைப் பார்த்தார். போஜன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். விரலை ஒரு இடத்தில் வைத்தார்.

“பாதிக்கப்பட்டவர் கேட்டால் வாசிக்கலாம்னு இருக்கு.”

“செல்லக்கனி, வேணாம்,” என்றார் ஜெபநேசன்.

“வாசிங்க.”

போஜன் தொண்டையைச் செருமினார். அவருடைய குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. நிலத்தின் எல்லையை வாசிப்பதைப் போல வாசித்தார்.

“ஒன்று. ஒயின் தெளிவாக இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபுறம் தெரியவில்லை.”

“ஆமா,” என்றாள் செல்லக்கனி. “தெளிஞ்சதை உறிஞ்சி எடுக்க வீட்டுல இருக்கிற ஒரே ரப்பர் குழாய் அவர் ஜாடியில இருந்துச்சு. நான் டம்ளரால மொண்டு எடுத்தேன்.”

“இரண்டு. பாட்டிலின் அடியில் விரற்கடை உயரத்துக்கு மண்டி உள்ளது.”

“ஆமா. மொண்டா அப்படித்தான் இருக்கும்.”

யாரோ சிரித்தார்கள். பெண்கள் பக்கம்.

“மூன்று. சர்க்கரையை முறையாக ஒரே தடவையில் சேர்க்காமல், துளித் துளியாகப் பல நாள் சேர்த்திருக்கிறார்கள்.”

“ஆமா. மளிகையில வர்ற சர்க்கரை அவர் ஜாடிக்குப் போச்சு. ரெண்டு மாசம் நான் காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கல. தினம் ரெண்டு ஸ்பூன் மிச்சம். அதைத்தான் போட்டேன்.”

“நான்கு. புகை வாடை வீசுகிறது.”

“ஆமா. வெந்நீர் அடுப்புப் பக்கத்துல வச்சிருந்தேன். உள்ரூம்ல அவர் ஜாடி மூணு இருக்கு. கால் வைக்க இடமில்லை.”

இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். தலைவரும் வாயைப் பொத்திக்கொண்டார். ஜெபநேசன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஐந்து. துவர்ப்பு மிகுதி. பழச்சாற்றைவிடத் தோலும் கொட்டையுமே அதிகம் ஊறியிருக்கின்றன.”

“ஆமா. தோலும் கொட்டையும்தான் எனக்குக் கிடைச்சுது.”

சிரிப்பு நின்றது.

“ஆறு. பக்குவப்படும் முன்பே ஜாடியைத் திறந்ததால் காற்றுப் பட்டிருக்கிறது.”

“ஆமா,” என்றாள். குரல் இறங்கிவிட்டது. “ஆகஸ்ட்டுல ஒரு தடவை திறந்தேன். ஒருத்தர் குடிச்சுப் பார்த்துச் சொல்லுவார்னு நினைச்சேன்.”

போஜன் அடுத்த வரியைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். முதல் முறையாக அவர் முகம் அசைந்தது. மனுவை மடிக்கப் போனார்.

“இன்னும் இருக்குல்ல?” என்றாள் செல்லக்கனி. “வாசிங்க.”

“ஏழு,” என்றார் போஜன். “இதைச் செய்தவர் வீட்டில் ருசி தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை.”

செல்லக்கனி வாயைத் திறந்தாள். பேசவில்லை. கோபத்தில் நிமிர்ந்திருந்த கழுத்து அப்படியே நின்றது.



“இதுக்கு யார் பதில் சொல்றது?” என்றார் போஜன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தவர். பென்சில் ஏழாவது வரிக்கு மேலே நின்றது.

தலைவர் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா ஜெபநேசனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபநேசன் நிமிர்ந்தார். பின்வரிசை வரைக்கும் பார்த்தார்.

“ஆமா,” என்றார்.